ஆல்பனியில் எழுந்து நின்ற மனிதர்

‘வாக்கு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகங்கள் உண்டு. ஒருவருக்குக் கொடுப்பதும் வாக்கு. அவையில் அளிப்பதும் வாக்கு. முன்னது காப்பாற்றப்பட வேண்டியது, பின்னது எண்ணப்படுவது. இவ்விரண்டும் ஒரு மனிதரின் நெஞ்சில் நேருக்கு நேர் மோதிக்கொண்ட ஒரு நாளைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம்.

1970 ஏப்ரல் 9. நியூயார்க் மாநிலத்தின் தலைநகர் ஆல்பனி. சட்டமன்றத்தின் கீழவையில் கருக்கலைப்புச் சட்டத் திருத்த மசோதாவின் மீது பெயர் அழைத்து வாக்கெடுத்து முடித்திருந்தார்கள். ஆதரவு 74, எதிர்ப்பு 74. நிறைவேற 76 வேண்டும். மசோதா தோற்றது என்றே எல்லோரும் நினைத்தனர். முடிவை அறிவிப்பதற்குச் சற்று முன்னர், ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஜார்ஜ் மைக்கேல்ஸ் எழுந்து நின்றார். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன, கண்கள் நிறைந்திருந்தன. தம் எதிர்ப்பு வாக்கை ஆதரவாக மாற்றிப் பதிவு செய்யும்படி அவர் கேட்டுக்கொண்டார். இத்துடன் தம் அரசியல் வாழ்வு முடிந்துவிடும் என்பது தமக்குத் தெரியும் என்றும், இந்த மசோதாவைத் தோற்கடித்த வாக்கு தம்முடையதாக இருக்க மனச்சாட்சி இடந்தரவில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். மரபாக வாக்களிக்காமல் இருக்கும் அவைத்தலைவர் பெரி டூரியா 76ஆம் வாக்கை அளித்தார். சட்டம் நிறைவேறிற்று.

மைக்கேல்ஸின் தொகுதி மாநிலத்தின் உட்பகுதியில், ஆபர்ன் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டது. கத்தோலிக்கர் மிகுந்த பகுதி. அவரோ யூதர். தனிப்பட்ட முறையில் அவருக்கு மசோதாவில் உடன்பாடுதான். ஆனால் தொகுதிக் கட்சிக்காரர்களின் விருப்பப்படி எதிர்த்து வாக்களிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்; அதற்கு முந்தைய வாக்கெடுப்பில் அப்படியே செய்தும் இருந்தார். அதன் பின் வீட்டில் அவருக்கு நிம்மதி இல்லை. மகன்களுள் ஒருவர் தந்தையை மிகக் கடுமையான சொல்லால் ஏசினார். இன்னொருவர், உங்கள் வாக்கால் மட்டும் இது தோற்றுவிட வேண்டாம் என்று மன்றாடினார். அவையில் எழுந்தபோது மைக்கேல்ஸ் இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். அரசியல்வாதிகள் குடும்பத்தை மேடையில் நிறுத்தும்போது நமக்கு இயல்பாகவே ஐயம் வரும். இங்கே அந்த ஐயத்துக்கு இடமில்லை; ஆதாயமாக அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஜூனில் நடந்த உட்கட்சித் தேர்தலில் தோற்றார். நவம்பரில் வேறு கட்சியின் சார்பில் நின்றும் தோற்றார். 

ஒரு நாட்டின் பெண்களுடைய உடல் பற்றிய சட்டம், ஏன் ஆல்பனி போன்ற ஒரு மாநிலத் தலைநகரில், ஒருவர் எழுவதிலும் உட்காருவதிலும் ஊசலாட வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். அமெரிக்க அரசமைப்பில் குற்றவியல், திருமணம், மருத்துவத் தொழில் ஆகியவை பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருப்பவை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும். ஒரு மாநிலத்தில் குற்றமாக இருப்பது ஆற்றைக் கடந்தால் மருத்துவமாகிவிடும். இந்த வேறுபாடே இவ்வரலாற்றின் முதுகெலும்பு.

இங்கே சொற்களைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது (தமிழாசிரியனின் பழக்கம், பொறுத்தருள்க). தானாக நேர்வதைக் ‘கருச்சிதைவு’ என்றும் வேண்டிச் செய்வதைக் ‘கருக்கலைப்பு’ என்றும் இன்றைய தமிழ் பிரித்துச் சொல்கிறது. ஆங்கில மருத்துவ நூல்களில் இரண்டுக்கும் நெடுங்காலம் ஒரே சொல்தான். சட்டமோ வேறொரு கோட்டைப் போட்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து குடியேறிகள் கொண்டுவந்த வழக்குச் சட்டத்தின்படி, வயிற்றில் குழந்தை அசைவதைத் தாய் உணரும் வரை, அதாவது ஏறக்குறைய நான்கைந்து மாதம் வரை, கருவைக் கலைப்பது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. அசைவை அறிபவள் தாய் ஒருத்தியே. எனவே சட்டத்தின் எல்லைக்கோடு அவளுடைய சொல்லிலேயே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கோடு அவள் கையிலிருந்து மருத்துவர் கைக்குப் போயிற்று. 1847இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தோன்றியது. 1857 முதல் பாஸ்டன் மருத்துவர் ஹொரேஷியோ ஸ்டோரர், கருக்கலைப்பை எந்நிலையிலும் குற்றமாக்க வேண்டும் என்று மாநிலந்தோறும் இயக்கம் நடத்தினார். உயிர் பற்றிய கவலை அதில் இருந்தது. மருத்துவச்சிகளைத் தொழிலிலிருந்து அகற்றும் நோக்கமும் இருந்தது. புராட்டஸ்டண்டு மனைவியர் குறைவாகப் பெற, குடியேறிய கத்தோலிக்கர் பெருகுகிறார்களே என்ற அச்சமும் இருந்தது. 1880 அளவில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்புக் கூடாது என்ற வகையில் சட்டங்கள் வந்துவிட்டன. 1873இல் நடுவண் அரசு இயற்றிய காம்ஸ்டாக் சட்டம், கருத்தடைப் பொருள்களையும் அவை பற்றிய எழுத்தையும் ஆபாசம் என்று வகைப்படுத்தி அஞ்சலில் அனுப்பத் தடை விதித்தது.

இவற்றுள் மிக விநோதமானது கனெக்டிகட் மாநிலம் 1879இல் செய்த சட்டம். மற்ற மாநிலங்கள் கருத்தடைச் சாதனங்களை விற்பதையும் விளம்பரப்படுத்துவதையும் தடுத்தன. கனெக்டிகட் பயன்படுத்துவதையே தடுத்தது. கணவனும் மனைவியும் தம் படுக்கையறையில் குற்றவாளிகள் ஆகலாம். இச்சட்டம் வர முன்னின்றவர்களுள் ஒருவர், உலகப் புகழ்பெற்ற சர்க்கஸ் முதலாளி பி. டி. பார்னம், அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். 1923 தொடங்கி இதை நீக்கும் மசோதாக்கள் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டுத் திரும்பத் திரும்பத் தோற்றன. நடைமுறையில் வசதி படைத்த பெண்கள் தம் மருத்துவரிடமிருந்து வேண்டியதைப் பெற்றுக்கொண்டார்கள். சட்டத்தின் உண்மையான வேலை ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையங்கள் திறக்கப்படாமல் பார்த்துக்கொள்வதாகவே இருந்தது. 1961 நவம்பரில் எஸ்டெல் கிரிஸ்வோல்ட், மருத்துவர் லீ பக்ஸ்டன் ஆகிய இருவரும் நியூ ஹேவனில் வேண்டுமென்றே அப்படியொரு நிலையத்தைத் திறந்தார்கள். சில நாள்களிலேயே கைதானார்கள். ஆளுக்கு 100 டாலர் அபராதம். வழக்கு மேலே போய், 1965இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நீக்கியது. தனிமனித அந்தரங்கம் ஓர் உரிமை என்ற கருத்து அமெரிக்கச் சட்டத்தில் வேர் பிடித்தது இந்த 100 டாலர் அபராதத்திலிருந்துதான்.

இதுவரை சொன்னதைக் கொண்டு, மாநில அரசுகள் பிள்ளைப்பேற்றைத் தடுப்பதற்கு எதிராகவே நின்றன என்று எண்ணிவிடக் கூடாது. யார் பெறுவது என்பதைப் பொறுத்து அவற்றின் நிலை மாறியது. 1907இல் இந்தியானா மாநிலம், அரசு நிறுவனங்களில் அடைக்கப்பட்டிருந்த ‘தகுதியற்றோர்’ எனப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை அறுவை செய்யும் சட்டத்தை இயற்றியது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. வர்ஜீனியாவின் சட்டத்தை 1927இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு இன்றுவரை வெளிப்படையாக நீக்கப்படவில்லை.

வட கரோலினாவின் கதை இன்னும் சிக்கலானது. 1937இல் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் வழியாகவே கருத்தடை வசதியை வழங்கத் தொடங்கிய முதல் மாநிலம் அது. ஏழைப் பெண்கள் பலர் அதை விரும்பி ஏற்றனர். அதே மாநிலத்தில்தான் ‘இனமேம்பாட்டு வாரியம்’ ஒன்றும் நடந்தது. அதன் ஆணைகளால் 1970கள் வரை ஏறக்குறைய 7,600 பேர் கருத்தடை அறுவைக்கு ஆளானார்கள். சமூகநலப் பணியாளரே ஒருவரின் பெயரை வாரியத்துக்குப் பரிந்துரைக்கலாம் என்று அங்கே விதி இருந்தது. பிற்காலத்தில் அந்தப் பெயர்களில் கறுப்பினப் பெண்கள் மிகுந்திருந்தனர். 2013இல் அம்மாநிலச் சட்டமன்றம் உயிரோடு எஞ்சியவர்களுக்கு இழப்பீடாக ஒரு கோடி டாலர் ஒதுக்கியது. விரும்பிக் கேட்டவளுக்கு வட்டத் தகட்டைத் தந்த கையும் கேட்காதவளை அறுவை மேசையில் கிடத்திய கையும் ஒரே அரசின் கைகள் என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றைப் படிக்க முடியாது.

1960களில் இரண்டு செய்திகள் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களை உலுக்கின. ஒன்று தாலிடோமைடு. 1962இல் அரிசோனாவில், சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தி வந்த ஒரு பெண்மணி, கருவுற்றிருந்தபோது அம்மருந்தை அறியாமல் உட்கொண்டுவிட்டார். தம் மாநிலத்தில் வழியின்றிச் சுவீடனுக்குப் பறந்து கருவைக் கலைத்துக்கொண்டார். மற்றொன்று 1964, 65 ஆண்டுகளில் பரவிய ரூபெல்லா அம்மை. ஆயிரக்கணக்கான குழந்தைகள் குறைபாடுகளோடு பிறந்தனர். ‘கெட்ட பெண்களின்’ விவகாரமாக ஒதுக்கப்பட்டது வரவேற்பறைக்கு வந்தது. 1967இல் கொலராடோ முதன்முதலாகத் தன் சட்டத்தைத் தளர்த்தியது. வன்புணர்ச்சி, தாயின் உடல்நலம், கருவின் குறைபாடு ஆகிய காரணங்களுக்காக, மருத்துவர் குழுவின் ஒப்புதலோடு கருக்கலைப்புச் செய்யலாம் என்றாயிற்று. கையெழுத்திட்ட ஆளுநர் குடியரசுக் கட்சிக்காரர். அதே ஆண்டில் கலிபோர்னியாவின் இதுபோன்ற சட்டத்தில் கையெழுத்திட்டவர் ரொனால்ட் ரீகன். பின்னாளில் அதற்காக அவர் வருந்தினார் என்பது வேறு கதை. இப்பிரச்சினையில் இன்று நாம் காணும் கட்சிப் பிரிவினை அன்று உருவாகியிருக்கவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

நியூயார்க்கில் நிலைமை என்னவாக இருந்தது? 1960களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் மகப்பேற்றையொட்டி இறந்த வெள்ளைப் பெண்களில் நால்வருக்கு ஒருவர் கருக்கலைப்பினால் இறந்தார். கறுப்பினத்தவரிலும் போர்ட்டோரிக்கோ பெண்களிலும் அது இருவருக்கு ஒருவர். 1967இல் ஹோவர்ட் மூடி என்னும் பாப்டிஸ்ட் போதகர் வேறு இருபது சமயத் தலைவர்களைச் சேர்த்துக்கொண்டு, தவிக்கும் பெண்களைப் பாதுகாப்பான மருத்துவர்களிடம் அனுப்பும் ஆலோசனைப் பணியை வெளிப்படையாகத் தொடங்கினார். சமயம் ஒரு பக்கம், பெண் மறுபக்கம் என்று நம்மவர் எளிதாகப் போட்டுவிடும் கணக்கு இங்கே செல்லாது.

1969 பிப்ரவரியில் மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்று மன்ஹாட்டனில் நிபுணர்களை அழைத்துக் கருத்துக் கேட்டது. அழைக்கப்பட்ட பதினைந்து நிபுணர்களில் பதினான்கு பேர் ஆண்கள். மீதி ஒருவர் கன்னியாஸ்திரீ. பெண்ணியக் குழு ஒன்றைச் சேர்ந்த பெண்கள் எழுந்து, நாங்கள்தாம் நிபுணர்கள், எங்களைக் கேளுங்கள் என்று கூவினார்கள். குழு கதவைச் சாத்திக்கொண்டது. அடுத்த மாதம் அப்பெண்கள் ஒரு தேவாலயத்தில் கூட்டம் போட்டு, தாம் கருக்கலைத்துக்கொண்ட அனுபவத்தை ஒலிபெருக்கியின் முன் நின்று, வரிசையாகச் சொன்னார்கள். அதுவரை தாய்க்கும் தமக்கைக்கும் கூடச் சொல்லாதது.

சட்டமன்றத்துக்குள் இதை எடுத்துச் சென்றவர் இத்தாக்கா நகரின் உறுப்பினர் கான்ஸ்டன்ஸ் குக். இவரும் குடியரசுக் கட்சி. அவையில் இருந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொலராடோ வழியில் காரணங்களைப் பட்டியலிடும் சட்டம் அவருக்கு உவப்பாயில்லை. காரணம் சொல், குழு முடிவு செய்யும் என்றால் மருத்துவரிடம் வாதாடத் தெரிந்தவளுக்கு மட்டுமே கதவு திறக்கும். எனவே காரணமே கேட்காத மசோதாவை மன்ஹாட்டன் உறுப்பினர் ஃபிரான்ஸ் லைக்டருடன் சேர்ந்து கொண்டுவந்தார். விவாதத்தின் போக்கில் 24 வாரம் என்ற எல்லை சேர்க்கப்பட்டது. மேலவை தேறிற்று. கீழவையில் முதல் முயற்சியில் 76 கிட்டவில்லை. இரண்டாம் முயற்சியில்தான் மைக்கேல்ஸ் எழுந்தார். இரண்டு நாள் கழித்து ஆளுநர் நெல்சன் ராக்பெல்லர் கையெழுத்திட்டார். ஜூலை 1 முதல் நடைமுறை.

அவ்வாண்டு நியூயார்க் மட்டும் தனியாக இல்லை. ஹவாய் அதற்குச் சற்று முன்னரே சட்டத்தை மாற்றியிருந்தது. அங்கே ஆளுநர் ஜான் பர்ன்ஸ் ஆழ்ந்த கத்தோலிக்கர். கையெழுத்திட மனமில்லை, தடுக்கவும் மனமில்லை. கையெழுத்தின்றியே சட்டமாக விட்டுவிட்டார். அலாஸ்காவில் ஆளுநரின் மறுப்பை மீறிச் சட்டமன்றம் நிறைவேற்றியது. வாஷிங்டன் மாநிலத்தில் மக்கள் நேரடியாக வாக்களித்து ஏற்றார்கள். ஆனால் ஹவாயில் மாநிலத்தில் இத்தனை நாள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. நியூயார்க்கில் அத்தகைய நிபந்தனை இல்லை. ஆகவே நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் பெண்கள் பேருந்திலும் விமானத்திலும் வந்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் அங்கே கருக்கலைத்துக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிமாநிலத்தவர். ஆபர்ன் தொகுதிக்காரர் மாற்றிப் போட்ட வாக்கு ஓஹையோவுக்கும் மிச்சிகனுக்கும் சேர்த்து எண்ணப்பட்டது. வருவதற்குப் பயணச் செலவு வேண்டும், விடுப்பு வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இவை இல்லாதவள் தன் ஊரிலேயே பழைய வழியைத் தேடினாள்.

1972இல் அதே நியூயார்க் சட்டமன்றம் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அதிபர் நிக்சன் அந்த முயற்சியை ஆதரித்து கர்தினால் குக்குக்கு எழுதிய கடிதம் வெளியானது. ராக்பெல்லர் தம் மறுப்பதிகாரத்தைப் பயன்படுத்திச் சட்டத்தைக் காத்தார். எட்டு மாதங்கள் கழித்து, 1973 ஜனவரி 22 அன்று, டெக்சாஸ் மாநிலத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டத்தை எதிர்த்த ரோ எதிர் வேட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நாம் கடந்து செல்வோம். மாநிலச் சட்டமன்றங்களில் நடந்துகொண்டிருந்த வாதம் அங்கிருந்து எடுக்கப்பட்டு நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது என்பதை மட்டும் நினைவில் கொள்வோம். எடுத்து வைத்தவர்கள் அதை எடுத்தும் கொள்ளலாம்.

அதற்குள் பணம் என்னும் பாத்திரம் மேடைக்கு வந்துவிட்டது. 1970 டிசம்பர் 24 அன்று நிக்சன் கையெழுத்திட்ட சட்டத்தின் ‘பத்தாம் தலைப்பு’, ஏழைகளுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு நடுவண் அரசு மான்யம் தர வழி செய்தது. இந்த முயற்சிக்கு நாடாளுமன்றத்தில் பெரிதும் பாடுபட்டவர்களுள் ஒருவர் பின்னாளில் அதிபரான முதல் ஜார்ஜ் புஷ். இப்பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது என்ற விதி தொடக்கம் முதலே இருந்தது. நல்ல நோக்கத்தோடு வரும் பணமும் எந்தக் கை வழியாக இறங்குகிறது என்பதைப் பொறுத்தே நல்லதாகும். 1973இல் அலபாமா மாநிலம் மான்ட்காமரியில், நடுவண் நிதியுதவி பெற்ற நிலையம் ஒன்றின் வழியாக 14, 12 வயதுச் சகோதரிகள் இருவருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. தாய் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஊசி போடுவதற்கான ஒப்புதல் என்று நம்பி, தாளில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். கைநாட்டுத் தாள்களின் வரலாறு நம் வாசகர்களுக்குப் புதிதன்று. அதையொட்டி எழுந்த வழக்கில், நடுவண் நிதியின் கீழ் ஆண்டுதோறும் ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் ஏழைகள் கருத்தடை அறுவை செய்யப்பட்டு வந்தது நீதிமன்றப் பதிவில் ஏறியது. பலருக்கு, ஒப்பாவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்ற மிரட்டல்.

ஒருபுறம் ஏழைப் பெண்ணுக்குத் திணிக்கப் பணம் இருந்தது. மறுபுறம் அவள் கேட்டதைத் தரப் பணம் மறுக்கப்பட்டது. 1976இல் இல்லினாய் உறுப்பினர் ஹென்றி ஹைட் கொண்டுவந்த திருத்தம், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவத் திட்டத்தில் நடுவண் அரசின் பங்கை மிகச் சில விதிவிலக்குகள் தவிர எந்தக் கருக்கலைப்புக்கும் செலவிடக் கூடாது என்றது. வேண்டுமானால் மாநிலம் தன் கைப்பணத்தைப் போட்டுக்கொள்ளலாம். நியூயார்க் போட்டது, டெக்சாஸ் போடவில்லை. 1977 அக்டோபரில் டெக்சாஸ் எல்லை நகரான மெக்காலனில் 27 வயதுப் பெண் ஒருவர், மலிவான இடத்தில் செய்துகொண்ட கருக்கலைப்பினால் நச்சேறி மருத்துவமனையில் இறந்தார். கல்லூரி மாணவி, ஒரு பெண் குழந்தையின் தாய், ஆசிரியை ஆகச் சில மாதங்களே இருந்தன. அவரது கைப்பையில் மெடிக்கெய்ட் அட்டையும், மாற்றப்படாத 700 டாலர் கல்வி உதவிக் காசோலையும் இருந்தன. அந்தப் பணத்தை அவர் படிப்புக்கென்று தொடாமல் வைத்திருந்தார். 1980இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஹைட் திருத்தத்தை ஏற்றது. வறுமையை அரசு உண்டாக்கவில்லை, எனவே அது போடும் தடையை நீக்கும் கடமையும் அரசுக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். தர்க்கத்தில் பிழை காண்பது கடினம். அந்தக் கைப்பையை நினைத்துக்கொண்டு அத்தீர்ப்பைப் படிப்பதும் கடினம்.

டெக்சாஸுக்கே மறுபடியும் வருவோம். 2011இல் அம்மாநிலச் சட்டமன்றம் ஈராண்டு வரவு செலவுத் திட்டத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு நிதியை ஏறத்தாழ 11 கோடியே 10 லட்சம் டாலரிலிருந்து 3 கோடியே 80 லட்சமாக வெட்டியது. குறி வைத்தது கருக்கலைப்போடு தொடர்புடைய நிறுவனங்களை. விழுந்தவையோ, பெரும்பாலும் மாத்திரையும் ஊசியும் புற்றுநோய்ச் சோதனையும் தந்துவந்த சிறு நிலையங்கள். 82 நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி அந்த நிறுவனங்களைச் சேர்ந்தவையே அல்ல. 2013இல் மாநிலம் அவற்றை மகளிர் நலத் திட்டத்திலிருந்தும் விலக்கியது. அதற்குப் பின் நீண்டகாலக் கருத்தடை முறைகளுக்கான கோரிக்கைகள் 35 சதவீதம் குறைந்தன என்றும், அதுவரை கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண்களிடையே அரசுச் செலவில் நடந்த மகப்பேறுகள் 27 சதவீதம் கூடின என்றும் 2016இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. கருக்கலைப்பை வெறுப்பவர் கருத்தடையை ஆதரிக்க வேண்டும் என்பது நமக்குத் தோன்றும் எளிய நியாயம். சட்டமன்றங்கள் நியாயத்தின்படி நடப்பதென்றால் வரலாற்றாசிரியர்களுக்கு வேலையே இராது.

2013 ஜூன் 25 அன்று ஆஸ்டின் நகரில் அம்மாநில மேலவையில் வெண்டி டேவிஸ் என்னும் உறுப்பினர், கருக்கலைப்பு நிலையங்களுக்கு நெருக்கடி தரும் மசோதாவை எதிர்த்து, கூட்டத்தொடர் முடியும் நள்ளிரவு வரை பேசி அதைக் காலாவதியாக்கிவிட முனைந்தார். ‘ஃபிலிபஸ்டர்’ எனப்படும் இம்முறைக்கு விதிகள் கடுமையானவை. உட்காரக் கூடாது, மேசையில் சாயக் கூடாது, உண்ணக் கூடாது, கழிப்பறைக்குப் போகக் கூடாது, பேச்சு பொருளை விட்டு விலகவும் கூடாது. இளஞ்சிவப்பு ஓட்டக் காலணியோடு பத்து மணி நேரத்துக்கும் மேலாக நின்றார். முதுகுப் பட்டை மாட்டிக்கொள்ள ஒருவர் உதவியதும் விதிமீறலாகக் கணக்கில் எழுதப்பட்டது. இறுதியில் பேச்சை நிறுத்த வைத்துவிட்டார்கள். அப்போது பார்வையாளர் மாடத்திலிருந்து எழுந்த கூச்சல் நள்ளிரவைத் தாண்டும் வரை அடங்கவில்லை. மசோதா அன்று செத்தது. அடுத்த மாதமே ஆளுநர் மீண்டும் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட, அது சட்டமாயிற்று. மாநிலத்தில் நாற்பதுக்கு மேல் இருந்த கருக்கலைப்பு நிலையங்கள் சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே வந்தன. 2016இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியபோது மூடியவற்றுள் பல திறக்கவே இல்லை. நீதிமன்றம் சட்டத்தை நீக்கலாம். வாடகைக்கு விட்ட கட்டடத்தையும் வேறு ஊருக்குப் போன செவிலியரையும் திருப்பித் தர இயலாது.

பிறகு நடந்தவை நம் கண்ணெதிரே நடந்தவை. 2022 ஜூன் 24 அன்று, மிசிசிப்பி மாநிலச் சட்டம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பை நீக்கி, வாதத்தை மாநிலங்களிடமே திருப்பிக் கொடுத்தது. பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏறக்குறைய முழுத்தடை வந்தது. ஆனால் பழமையில் ஊறியதாகக் கருதப்படும் கான்சஸில், அதே ஆகஸ்டில் மக்களிடம் நேரே கேட்டபோது ஏறத்தாழ 59 சதவீதத்தினர் உரிமையை நீக்க மறுத்தனர். மக்களிடம் கேட்கும்போது ஒரு விடையும், தொகுதி எல்லைகளை வசதிக்கு வரைந்துகொண்ட சட்டமன்றத்தைக் கேட்கும்போது வேறு விடையும் வருவதை அதன் பின் வேறு சில மாநிலங்களிலும் கண்டோம். நிதியின் கதையும் நிற்கவில்லை. மெடிக்கெய்ட் திட்டத்திலிருந்து ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு நிறுவனத்தைத் தென் கரோலினா விலக்கியதை எதிர்த்து நோயாளிகள் வழக்காட முடியாது என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது.

இன்று பெண்கள் நியூயார்க்குக்குப் போக வேண்டியதில்லை. மாத்திரை அஞ்சலில் அவர்களிடம் வருகிறது. 2023இல் நியூயார்க் சட்டமன்றம், வெளிமாநிலப் பெண்களுக்குத் தொலைவிலிருந்தே மருந்து எழுதித் தரும் தன் மருத்துவர்களைக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. 2024 டிசம்பரில் டெக்சாஸின் தலைமை வழக்கறிஞர், தம் மாநிலப் பெண் ஒருவருக்கு அப்படி மருந்து அனுப்பியதாக நியூயார்க் மருத்துவர் ஒருவர் மீது வழக்குத் தொடுத்தார். 2025 பிப்ரவரியில் டெக்சாஸ் நீதிமன்றம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் தண்டம் விதித்தது. தண்டத்தை வசூலிப்பதற்காகத் தீர்ப்பின் நகல், ஆல்பனிக்குத் தெற்கே ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள அல்ஸ்டர் மாவட்ட அலுவலகத்துக்கு மார்ச் மாதம் வந்து சேர்ந்தது. அங்கிருந்த பொறுப்பு எழுத்தர், தம் மாநிலச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, அதைப் பதிவு செய்ய மறுத்துவிட்டார். ஜூலையில் தாள்கள் மறுபடியும் வந்தன. மறுபடியும் மறுத்தார். அம்மாத இறுதியில் டெக்சாஸ் அந்த எழுத்தர் மீதே நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.